அப்பா வீட்ட வித்தோம், 2001ம் வருஷத்து விலைய தேடி அலைஞ்சோம்

அப்பா போனது 2019ல. வீடு திருச்சி கே.கே.நகர்ல. 1988ல மனை வாங்கி, 1991ல கீழ்வீடு கட்டி, 2009ல மாடில ஒரு ரூமும் பாத்ரூமும் எடுத்தாரு. ஸ்கூல் வாத்தியார் சம்பளத்துல அவ்ளோதான் முடிஞ்சது. அவர் போனப்புறம் அம்மா அஞ்சு வருஷம் அங்கயே தனியா இருந்தாங்க, அக்கா மதுரைல, அண்ணன் சிங்கப்பூர்ல, நான் சென்னைல, ஒருநாள் ராத்திரி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து காலைல பால்காரர் வந்து கூப்பிடற வரைக்கும் அப்படியே கிடந்திருக்காங்க. அதுக்கப்புறம்தான் வித்துடலாம்னு முடிவாச்சு.

விக்கறதுன்னு பேச ஆரம்பிச்ச உடனே சொந்தக்காரங்க ஆளுக்கொரு சட்டம் சொன்னாங்க. மாமா சொன்னாரு, "அப்பா சொத்துக்கு எதுக்குடா வரி, நீயா வாங்குன?" அண்ணனோட பிரெண்ட் ஒருத்தர், அப்பா இறந்த அன்னிக்கு வீடு என்ன வெலையோ அதுதான் உங்க அடக்க விலைன்னாரு. பேங்க்ல இருக்கற சித்தப்பா பையன், உங்களுக்கு ஓசில வந்தது, அதனால அடக்கம் ஜீரோ, வித்த பணம் மொத்தத்துக்கும் வரின்னு பீதிய கிளப்பிட்டான். மூணுமே தப்பு.

நம்ம ஊர்ல வாரிசா சொத்து கைக்கு வர்றதுக்கு வரி கிடையாது, எஸ்டேட் டியூட்டின்னு ஒண்ணு இருந்தது, அத 1985லயே எடுத்துட்டாங்க. ஆனா அந்த சொத்த நாம வித்தா வர்ற லாபத்துக்கு வரி உண்டு. லாபத்த கணக்கு போடறப்போ அப்பா என்ன விலைக்கு வாங்குனாரோ அதுதான் நம்ம விலை, அப்பா வச்சிருந்த வருஷமும் நம்ம வருஷத்தோட சேரும், அதனால அப்பா போன அடுத்த மாசமே வித்தாலும் இது லாங் டேர்ம், அதாவது நீண்டகால லாபம்தான். 2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்குன சொத்தா இருந்தா, பழைய விலைக்கு பதிலா அந்த தேதில சொத்து என்ன பெறுமோ அத எடுத்துக்கலாம். அப்பா மனை வாங்குனது 38,000 ரூபாய்க்கு. அதையே அடக்கம்னு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிங்க.

(நாங்க வித்தது 2024 நவம்பர்ல, அதனால நான் சொல்ற செக்‌ஷன் நம்பர், படிவ நம்பர் எல்லாம் 1961 சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1லேர்ந்து 2025ம் வருஷத்து புது வருமான வரிச் சட்டம், நம்பர் எல்லாம் மாறிடுது. இப்ப விக்கறவங்க ஆடிட்டர்கிட்ட புது நம்பர கேட்டுக்கோங்க.)

முதல்ல பங்கு. அப்பா உயில் எழுதல. அதனால அம்மா, அக்கா, அண்ணன், நான், நாலு பேருக்கும் சமமா கால் கால் பங்கு. பாட்டி அப்பாவுக்கு முன்னாடியே போய்ட்டாங்க, இல்லன்னா அவங்களுக்கும் ஒரு பங்கு, அப்புறம் அது அத்தைங்க சித்தப்பா எல்லாருக்கும் பிரிஞ்சு, கையெழுத்துக்கு ஊர் ஊரா போயிருக்கணும். தாசில்தார் ஆபீஸ் வாரிசு சான்றிதழ அப்பா போன வருஷமே வாங்கி வச்சிருந்தோம், பட்டாவும் நாலு பேர் பேர்லயும் மாத்திட்டோம். இது எதுக்கு சொல்றேன்னா, வரி "வீட்டுக்கு" கிடையாது, ஒவ்வொரு பங்குதாரருக்கும் தனித்தனி. நாலு பேர், நாலு கணக்கு, நாலு ரிட்டர்ன். நாங்க இத ஒரே கணக்குன்னு நெனச்சு ரெண்டு மாசம் குழம்பிட்டு இருந்தோம்.

இப்ப அந்த 2001 விலை. ரெஜிஸ்டர்டு வேல்யூயர் ஒருத்தர புடிச்சோம், வந்து டேப் வச்சு அளந்து, போட்டோ எடுத்து, 14 லட்சம்னு ரிப்போர்ட் குடுத்தாரு. சந்தோஷமா ஆடிட்டர்கிட்ட கொண்டுபோய் வச்சேன். வயசானவர், எங்க அப்பாகிட்ட படிச்சவர் வேற. கண்ணாடிய இறக்கிவிட்டு பாத்துட்டு கேட்டாரு, "தம்பி, 2001 கைடுலைன் வேல்யூ எவ்ளோ?" முழிச்சேன். 2020 பட்ஜெட்ல ஒரு கொக்கி வச்சிருக்காங்க, 2001ம் வருஷ மதிப்புன்னு நீங்க எடுக்கற தொகை அன்னிக்கு அந்த எடத்தோட முத்திரைத்தாள் மதிப்ப, அதாவது கைடுலைன் வேல்யூவ தாண்டக்கூடாது. வேல்யூயர் 14 லட்சம்னு எழுதுனாலும் 40 லட்சம்னு எழுதுனாலும் அதுக்கு மேல செல்லாது.

அத தேடி சார்பதிவாளர் ஆபீசுக்கு மூணு தடவை போனேன். மொத தடவை சர்வர் இல்ல. ரெண்டாவது தடவை, எங்க தெரு பேரே லிஸ்ட்ல இல்ல. 2001ல அது வெறும் லேஅவுட், தெருவுக்கு பேர் அப்புறம்தான் வச்சிருக்காங்க. மூணாவது தடவை தாய்ப்பத்திரத்த எடுத்துட்டு போய் சர்வே நம்பர காட்டி மனு எழுதிக் குடுத்தப்புறம்தான் கெடச்சுது, சதுர அடி 200 ரூபா. 2400 சதுர அடிக்கு 4.8 லட்சம், கட்டடத்துக்கு தேய்மானம் போக 5.2 லட்சம், ஆக 10 லட்சம். 14 லட்சம் 10 ஆச்சு. வேல்யூயர் திருத்துன ரிப்போர்ட்டுக்கு தனியா காசு கேட்டாரு, அது வேற கதை. நீங்க கைடுலைன மொதல்ல வாங்கிட்டு அப்புறம் வேல்யூயர்கிட்ட போங்க.

அடுத்தது 2009ல எடுத்த மாடி. அந்த செலவையும் அடக்கத்துல சேத்துக்கலாம், ஆனா ஆதாரம் வேணும். பில் எங்க இருக்கும்னு அம்மாவ கேட்டா, "அப்பா நோட்டு பரண்மேல இருக்கும் பாரு"ன்னாங்க. ஏறுனேன். ரேடியோ பெட்டி, உடைஞ்ச குடை, ஆன்சர் பேப்பர் கட்டு, எல்லாத்துக்கும் அடியில பழைய காலண்டர் தாள்ல அட்டை போட்ட ஒரு நோட்டு. உள்ள அவரோட சாய்வு கையெழுத்துல தேதி வாரியா, கொத்தனார் 350, சித்தாள் 2 பேர் 360, டீ வடை 42, மணல் ஒரு லோடு, அப்படியே கடைசி பக்கம் வரைக்கும். சிமெண்ட், கம்பி, டைல்ஸ் பில்லு எல்லாம் குண்டூசி குத்தி பின்னாடி. குண்டூசி துருப்புடிச்சு பில்லுல ஓட்டை. கார்ப்பரேஷன் பிளான் அப்ரூவலும் அதுலயே மடிச்சு இருந்துச்சு. நோட்டுப்படி மொத்தம் 6.85 லட்சம், பில்லோட காட்ட முடிஞ்சது 6 லட்சம், ஆடிட்டர் அந்த 6ஐ மட்டும் எடுத்துக்கிட்டாரு. அந்த 42 ரூபா டீ வடைக்கு வரி விலக்கு கெடைக்கல. நான் ஆசையா 2022ல பெயிண்ட் அடிச்ச 1.2 லட்சம் பில்ல நீட்டுனேன், "இது பராமரிப்பு தம்பி, இம்ப்ரூவ்மெண்ட் இல்ல"ன்னு திருப்பி குடுத்துட்டாரு.

வாங்கறவங்கள்ல மொத பார்ட்டி 1.28 கோடி பேசுனாரு. கேட்டு எல்லாரும் குளிர்ந்துட்டோம். அப்புறம்தான், பத்திரத்துல 80 லட்சம் போட்டுக்கலாம், மீதி கையில வாங்கிக்கங்கன்னாரு. புரோக்கர் வேற, எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்கன்னு. வேணாம்னுட்டோம், யோக்கியன்னு சொல்லிக்கறதுக்காக சொல்லல, கணக்கு பாத்தாலே ஒதவாது. வீடு நில விற்பனைல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்குனா, வாங்குன தொகை அளவுக்கே அபராதம் போடலாம். அதோட பத்திர விலை கைடுலைன விட ரொம்ப கம்மியா இருந்தா, அதாவது கைடுலைன் நம்ம விலைல 110 சதவீதத்த தாண்டிட்டா, கைடுலைன் விலைக்கே நம்மகிட்ட வரி கேப்பாங்க. கடைசில, அந்த 48 லட்சம் ரொக்கத்த வச்சு அம்மா என்ன பிளாட் வாங்க முடியும்? அவரும் போய்ட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்கு போற ஒரு ஜோடி வந்தாங்க, 1.20 கோடி, முழுசும் பேங்க் வழியா, பாதி லோன்.

அக்ரிமெண்ட் அன்னிக்குதான் அடுத்த வெடி. அம்மாவோட பான் கார்டு செத்துப்போய் கெடக்கு. ஆதாரோட இணைக்கல, 2023 ஜூலைல இருந்தே இன்ஆபரேட்டிவ். வீட்டு விலை 50 லட்சம் இல்ல அதுக்கு மேலன்னா வாங்கறவங்க 1% டிடிஎஸ், அதாவது நமக்கு தர்ற பணத்துலேர்ந்து முன்கூட்டியே வரி, புடிச்சு கட்டணும், பான் செத்துருந்தா அது 20%. அம்மா பங்கு 30 லட்சம், அதுல 30,000 புடிக்க வேண்டிய எடத்துல 6 லட்சம் புடிச்சிருப்பாங்க. ஆயிரம் ரூபா அபராதம் கட்டி இணைக்கலாம்னு போனா பேர் ஒத்துவரல, பான்ல இனிஷியல விரிச்சு தாத்தா பேரு இருக்கு, ஆதார்ல வெறும் இனிஷியல். ஆதார திருத்தி, அப்புறம் இணைச்சு, அது அப்டேட் ஆகி, மூணு வாரம். வாங்கறவங்க நல்லவங்க, பொறுத்துக்கிட்டாங்க. வீட்ல வயசானவங்க பேர்ல சொத்து இருந்தா இத இன்னிக்கே செக் பண்ணிடுங்க, வெப்சைட்ல ரெண்டு நிமிஷ வேலை.

இன்னொரு குழப்பம், ஆளுக்கு 30 லட்சம்தானே, 50ஐ தாண்டலையே, டிடிஎஸ் எதுக்குன்னு. 2024 அக்டோபர் 1லேர்ந்து விக்கறவங்க எல்லாரோட தொகையும் சேத்துதான் 50 லட்சம் பாக்கணும்னு தெளிவாவே மாத்திட்டாங்க. வாங்கறவங்க ரெண்டு பேர், இங்க இருக்கற நாங்க மூணு பேர், ஒவ்வொரு ஜோடிக்கும் தனி 26கியூபி, அதாவது டிடிஎஸ் கட்டற படிவம், மொத்தம் ஆறு. அந்த பொண்ணுதான் உக்காந்து ஆறையும் போட்டுச்சு, பாவம்.

அண்ணன் விஷயம் தனி. அவன் வெளிநாட்டுவாசி, அவனுக்கு அந்த 1% கதையே கிடையாது. அவன் பங்கு மொத்தத்துக்கும், லாபத்துக்கு இல்ல, மொத்த 30 லட்சத்துக்கும் 12.5%, அதுமேல 4% செஸ், ஆக 13%, 3.9 லட்சம் புடிக்கணும். புடிக்கறதுக்கு வாங்கறவங்க டான், அதாவது வரி புடிக்கறவங்களுக்கான தனி நம்பர், எடுக்க வேண்டியிருந்தது. இத கேட்டதும் அந்த ஜோடி கொஞ்சம் பயந்துட்டாங்க, எங்க ஆடிட்டரே எடுத்துக் குடுத்தாரு. பார்ம் 13 போட்டு குறைஞ்ச டிடிஎஸ்க்கு சர்டிபிகேட் வாங்கலாம்னு ஒரு வழி இருக்கு. ஆனா கணக்கு பாத்தா அவனோட நிஜ வரியே 3.34 லட்சம் வந்துச்சு, வித்தியாசம் 56,000. அதுக்காக பத்திரப்பதிவ தள்ளிப்போட வேணாம், ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கறேன்னுட்டான், வாங்கியும் ஆச்சு. அதே, 90 லட்சத்துக்கு வாங்குன வீட்ட 1 கோடிக்கு விக்கற என்ஆர்ஐயா இருந்தா நிஜ லாபம் 10 லட்சம்தான், டிடிஎஸ் 50 லட்சத்துக்கு மேலங்கறதால வர்ற 10% சர்சார்ஜும் சேர்ந்து 14.3 லட்சம், அங்கெல்லாம் பார்ம் 13 இல்லாம கையெழுத்தே போடக்கூடாது. பவர் பத்திரம் சிங்கப்பூர் இந்திய தூதரகத்துல கையெழுத்து போட்டு அனுப்புனான், அது இங்க வந்த 3 மாசத்துக்குள்ள முத்திரை கட்டணும், அதையும் மறந்துடாதீங்க.

2024 நவம்பர் 27 பத்திரம் முடிஞ்சது. இப்ப கணக்கு. 1.20 கோடில புரோக்கர் கமிஷன் 1.2 லட்சம் கழிச்சா 118.8 லட்சம். 2024 ஜூலை 23லேர்ந்து ரூல் மாறிடுச்சு, இண்டெக்ஸேஷன், அதாவது விலைவாசி ஏறுனதுக்கு ஏத்தமாதிரி அடக்க விலைய ஏத்திக்கறது, இல்லாம 12.5%. ஆனா அந்த தேதிக்கு முன்னாடி கைல இருந்த வீடு நிலத்துக்கு, இந்தியால வசிக்கறவங்களுக்கு மட்டும், பழைய மாதிரி இண்டெக்ஸேஷனோட 20% போட்டு பாத்து எது கம்மியோ அத கட்டலாம். அண்ணனுக்கு இந்த சாய்ஸ் கிடையாது.

எல்லாரும் இண்டெக்ஸேஷன்தான் லாபம்னு அடிச்சு சொன்னாங்க. ஆடிட்டர் ஒரு கேலண்டர் பின்பக்கத்துல போட்டு காட்டுனாரு. நேரடி வழில 118.8லேர்ந்து 10ம் 6ம் போனா 102.8 லட்சம் லாபம், 12.5% போட்டா 12.85 லட்சம். இண்டெக்ஸ் வழில, 2001-02க்கு 100, 2024-25க்கு 363, அதனால 10 லட்சம் 36.3 ஆகும். மாடி செலவுக்கு 2009-10 இண்டெக்ஸ் 148, அந்த 6 லட்சம் 14.7 ஆகும். லாபம் 67.8 லட்சம், அதுல 20% 13.56 லட்சம். 12.5தான் கம்மி! வேல்யூயரோட 14 லட்சம் மட்டும் நின்னிருந்தா 20% வழி 10.65 லட்சத்துல முடிஞ்சிருக்கும். அந்த கைடுலைன் கொக்கி ஒண்ணு மொத்த கணக்கையே திருப்பிப் போட்டுடுச்சு. அதனால யார் சொல்றதையும் நம்பாம ரெண்டு வழியும் உங்க நம்பர வச்சு போட்டுப் பாருங்க. அப்பாவோட நோட்டு மட்டும் 75,000 ரூபா வரிய மிச்சம் புடிச்சிருக்கு, செஸ்ஸ விட்டுட்டு. (இண்டெக்ஸ வாரிசு கைக்கு வந்த வருஷத்துலேர்ந்துதான் போடணும்னு யாராவது சொன்னா, அதுக்கு எதிரா மும்பை ஹைகோர்ட் 2011லயே தீர்ப்பு சொல்லியிருக்கு, அப்பா வச்சிருந்த வருஷத்துலேர்ந்து போடலாம்னு.)

ஆக ஆளுக்கு 25.7 லட்சம் லாபம், 3.21 லட்சம் வரி, செஸ்ஸோட 3.34 (அக்காவுக்கு மட்டும் கம்மி, கீழ சொல்றேன்). இதுக்கப்புறம் ஒவ்வொருத்தர் வழி ஒவ்வொண்ணு.

நான் வரிய கட்டிட்டேன். டிடிஎஸ் 30,000 போக மீதிய டிசம்பர் 15க்குள்ள அட்வான்ஸ் டாக்ஸா கட்டுனேன், ரிட்டர்ன் போடறப்போ பாத்துக்கலாம்னு விட்டா வட்டி ஏறும். பாண்டு வாங்கி வரிய தப்பிச்சிருக்கலாமே தம்பின்னு ஆடிட்டர் கேட்டாரு. 5.25% வட்டி, அதுக்கும் எனக்கு 30% வரி, அந்தப் பக்கம் வீட்டுக்கடனுக்கு 8.75% கட்டிட்டு இருக்கேன். பணத்த லோன்ல போட்டுட்டேன்.

அக்காவுக்கு வேற வருமானம் இல்ல, அவளுக்கு பாண்டுதான் சரி. 54இசி பாண்டு, ஆர்இசி, பிஎஃப்சி மாதிரி அரசு நிறுவனங்களோடது, வித்த தேதிலேர்ந்து 6 மாசத்துக்குள்ள போடணும், ஒருத்தருக்கு 50 லட்சம் வரைக்கும், 5 வருஷம் எடுக்க முடியாது. மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், எஃப்டில 7% வருதே எதுக்கு 5.25னு கேட்டாரு. வேற வருமானம் இல்லாததால 3 லட்சம் அடிப்படை விலக்கு அவ லாபத்துல கழியும், வரி செஸ்ஸோட 2.95 லட்சம், அத கட்டிட்டு மிச்சம் 22.75 லட்சத்த எஃப்டில போட்டா வருஷத்துக்கு 1.59 லட்சம், 25.7 லட்சத்த பாண்டுல போட்டா 1.35 லட்சம். வருஷம் 24,000 சொச்சம் நஷ்டம், அஞ்சு வருஷத்துக்கு ஒரு லட்சத்து சொச்சம், ஆனா மிச்சமாகற வரி 2.95 லட்சம். அப்புறம் ஒண்ணும் பேசல. மார்ச்லயே போட்டுட்டா.

அம்மாவுக்கு சின்னதா ஒரு பிளாட் வாங்கித் தர்றதுன்னு பிளான், செக்‌ஷன் 54. வீட்ட வித்து வீடு வாங்குனா லாபத் தொகைய மட்டும் போட்டா போதும், வித்த மொத்த பணத்தையும் போட வேணாம். காலி மனைய வித்துட்டு வீடு வாங்கறவங்களுக்குதான் மொத்தத்தையும் போடணும், அது 54எஃப். வாங்கறதா இருந்தா 2 வருஷம், கட்டறதா இருந்தா 3 வருஷம். அம்மா பேர்லதான் வாங்கணும், "என் பேர்ல வாங்கிடலாமா, பின்னாடி மாத்தற செலவு மிச்சம்"னு அண்ணன் கேட்டான், கூடாது.

ஜூலை வரைக்கும் பிளாட் அமையல. அப்ப ரிட்டர்ன் கெடுவுக்குள்ள அந்த தொகைய கேப்பிடல் கெயின்ஸ் அக்கவுண்ட்ல போட்டாத்தான் விலக்கு, நம்ம சாதா சேவிங்ஸ்லயே வச்சிருந்தா செல்லாது. அந்த வருஷம் கெடு ஜூலை 31லேர்ந்து செப்டம்பருக்கு தள்ளிப் போச்சு, ஆனா நாங்க அத நம்பி உக்காரல. பேங்க்கு போனா கவுண்டர்ல இருந்த பையன் அப்படி ஒரு அக்கவுண்ட்டே இல்லங்கறான். மேனேஜர் வந்து பாத்துட்டு, இது ரூரல் கிளை சார், இங்க திறக்க முடியாதுன்னாரு, அது உண்மைதான், கிராமக் கிளைக்கு அனுமதி இல்ல. டவுன்ல பெரிய கிளைக்கு போய் பாதி சேவிங்ஸ் மாதிரி, பாதி டெபாசிட் மாதிரி போட்டோம். ஏடிஎம் கார்டு, செக்புக் ஒண்ணும் கிடையாது, எதுக்கு எடுக்கறோம்னு படிவம் எழுதிக் குடுத்துதான் எடுக்கணும், அக்கவுண்ட்ட மூடறதுக்கு வருமான வரி அதிகாரி ஒப்புதல் வேணும். அந்த பாஸ்புக்க அம்மா அப்பா நோட்டு பக்கத்துலயே வச்சிருக்காங்க.

கெடு 2026 நவம்பர். அதுக்குள்ள வாங்கலன்னா, வித்து 3 வருஷம் முடியற வருஷத்து லாபமா சேத்து வரி போட்டுடுவாங்க. ஊருக்கு வர்றப்போல்லாம் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு போறேன். போன தடவை ஸ்ரீரங்கத்துல ஒண்ணு, 27 லட்சம், லிப்ட் இருக்கு, கோயில் நடக்கற தூரம். அம்மா பால்கனில நின்னு பாத்துட்டு, "இங்க துணி காயப்போட்டா எதுத்த வீட்டு ஜன்னல்ல போய் முட்டும்டா"ன்னுட்டாங்க. அடுத்தது வயலூர் ரோட்டுல பாக்கணும்.